டேப்பெட் சத்தம்

"மௌனம் கலக நாஸ்தி" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பெரியவர்களிடம் மோட்டார் கார் கிடையாது. இருந்திருந்தால் இவ்வளவு தீர்மானமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது என்னுடைய அபிப்பிராயம். இந்த அபிப்பிராயம் எனக்கு ஏற்படுவதற்கு ஒரு பழைய கார், ஒரு கிழ மேஸ்திரி, என்னுடைய அக்கா ஆகிய மூவரும் காரணம். மூவரில் காருக்குத்தான் வயது குறைவு.

முதலில் காரை அறிமுகம் செய்துவைக்கிறேன். 1969-ஆம் வருஷம் என் தகப்பனார் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நாலு கதவு வைத்த 'மார்க் மூன்று'. இதன் பூர்விகம் இங்கிலாந்து. உடம்பின் வடிவத்தை வரைந்தவர் மிக்கெலாத்தி என்ற இத்தாலியர். ஆனால் பிறந்தது நம்முடைய ஊரில். 1948-இல் ஆரம்பமான ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆப் இந்தியா என்ற கம்பெனியின் தொழிற்சாலை, பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் நடுவில் இருந்தது. 1961-இல் அங்கிருந்து ஹெரால்டு வெளிவந்தது. மாடம்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டிலிருந்து அந்த இடத்துக்கு ஐந்தாறு மைல் இருக்கும். தாம்பரத்துக்குத் தெற்கே பிறந்து, தாம்பரத்துக்குக் கிழக்கே வாழ்க்கைப்பட்ட பெண் என்று எங்கள் காரைச் சொல்லலாம். பிறந்த வீடு இப்போது இல்லை. 1985-இல் 'ஸ்டாண்டர்டு 2000' என்று ஒரு பெரிய காரைச் செய்து பார்த்தார்கள். 1988-இல் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். இன்றைக்கு அங்கே கணினி அலுவலகங்களும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன. பிறந்தகம் போன பெண்ணை வைத்துக் காப்பாற்றுகிற மாதிரிதான் நான் இந்தக் காரை வைத்துக் காப்பாற்றி வந்தேன்.

அந்தக் காருக்கு ஒரு சத்தம் உண்டு. பக்கத்து அறையில் யாரோ தையல் மெஷினை மிதிக்கிறார்கள் என்று தோன்றும். டிக், டிக், டிக் என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். இதற்குத்தான் டேப்பெட் சத்தம் என்று பெயர்.

அக்காவுக்கும் ஒரு சத்தம் உண்டு. அத்திம்பேர் காலமான பிறகு அவள் எங்களோடு வந்து இருக்கிறாள். பாக்கெட் பால் தண்ணீராக இருக்கிறது என்பாள். மாடம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து வருகிற கொசு, மற்ற ஊர்க் கொசுவைவிடப் பெரியது என்பாள். நான் எழுதுகிற தொடர்கதையைப் படித்துவிட்டு, "இந்தப் பெண் எதுக்குடா வாரா வாரம் அழறா? வேற வேலை கிடையாதா?" என்பாள். பிரதோஷத்தன்று தேனுபுரீஸ்வரர் கோயிலுக்குக் காரில் அழைத்துப் போனால், போகிற வழியெல்லாம் காரின் சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டே வருவாள். காரின் சத்தம், அதைப் பற்றிய அக்காவின் சத்தம், இரண்டையும் கேட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவதற்கு ஒரு தனிப் பொறுமை வேண்டும்.

அந்தப் பொறுமை எனக்கு ஒரு நாள் இல்லாமல் போயிற்று. அது ஓர் ஐப்பசி மாதம். தொடர்கதையின் கடைசி அத்தியாயம் அன்றைக்கு மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். மழைத் தண்ணீர் வாசலில் நிற்கிறது என்று அக்கா மூன்றாவது தடவையாக வந்து சொன்னாள். நான் பேனாவை மேஜைமேல் எறிந்துவிட்டு, "அக்கா, இந்த வீட்டில் ஒரு நாளாவது சும்மா இருக்க மாட்டாயா?" என்று கத்திவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். எனக்கு அத்தியாயம் நன்றாக வந்தது.

அதற்குப் பிறகு வந்த ஒரு வருஷத்தில் இரண்டு அதிசயங்கள் நடந்தன. கார் மெல்ல மெல்லச் சத்தம் குறைந்து, கடைசியில் பூனை மாதிரி ஓடத் தொடங்கியது. அக்காவும் புகார் சொல்வதை நிறுத்திவிட்டாள். பால் எப்படி இருந்தாலும் குடித்தாள். கோயிலுக்கு, "நீ எழுதுடா, நான் நடந்தே போயிக்கிறேன்" என்றாள். நான் ரொம்பப் பெருமையோடு என் மனைவியிடம், "பார்த்தாயா, வயதானால் எல்லாம் தானாக அடங்கிவிடுகிறது" என்றேன்.

"அடங்கறது நல்லதுதானாங்க?" என்று கேட்டுவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போனாள். பெண்கள் இப்படித்தான் ஏதாவது கேட்பார்கள் என்று நான் விட்டுவிட்டேன்.

காரின் மௌனம் முதலில் உடைந்தது. ஆனால் சத்தமாக உடையவில்லை. கேம்ப் ரோடு சிக்னலில் நிற்கும்போது வண்டி குளிர்ஜுரம் வந்ததுபோல் நடுங்கியது. தாம்பரம் மேம்பாலத்தில் ஏறும்போது மூச்சு வாங்கியது. என்ஜின் சூடாக இருக்கும்போது நிறுத்திவிட்டால், மறுபடி கிளம்ப மறுத்தது. பின்னால் கொஞ்சம் புகையும் வந்தது. ஒரு பெரிய பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த இளைஞர் புகையைப் பார்த்தார், என்ஜினைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "ரிங் போயிடுச்சு சார். என்ஜின் முழுக்க இறக்கி, போர் அடிச்சு, பிஸ்டன் மாத்தணும். இந்தக் காசுக்கு இது தாங்குமா? எடைக்குப் போட்டுடுங்களேன்" என்றார்.

அன்று இரவு வீட்டில் இந்தச் சமாசாரத்தைச் சொன்னேன். அப்பா வாங்கிய காரை எடைக்குப் போடுவதாவது என்று அக்கா ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் "உன் இஷ்டம்டா" என்றாள். அவ்வளவுதான். எனக்கு அது என்னவோ போல் இருந்தது. சண்டைக்குத் தயாராக வந்தவனுக்கு எதிரி கதவைத் திறந்து காபி கொடுத்த மாதிரி.

யாரோ சொல்லி, ராஜகீழ்ப்பாக்கத்துக்கு அப்பால் வேப்பமரத்தடியில் கொட்டகை போட்டிருக்கும் ஒரு மேஸ்திரியைத் தேடிப் போனேன். வயது எழுபத்தைந்து இருக்கும். அந்தப் பெருங்களத்தூர் தொழிற்சாலையில் மூடும்வரை வேலை பார்த்தவர். ஹெரால்டு காரில், முன்பக்கம் முழுவதும், மட்கார்டு உள்பட, முதலை வாயைப் பிளப்பதுபோல ஒரே துண்டாக முன்னால் சாய்ந்து திறக்கும். மேஸ்திரி அதைத் திறந்துவிட்டு, முன்சக்கரத்தின்மேல் திண்ணையில் உட்காருகிறவர்போல உட்கார்ந்துகொண்டார். என்ஜினை ஓடவிட்டார். ஒரு நிமிஷம் கேட்டார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி எனக்கு விளங்கவே இல்லை.

"சத்தம் எப்போ நின்னுது சார்?"

"எந்தச் சத்தம்?"

"டேப்பெட் சத்தம்."

"ஒரு வருஷமாகவே இல்லை மேஸ்திரி. அதுதான் ஒன்று நன்றாக இருக்கிறது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "டேப்பெட் யாரு பார்த்தாங்க கடைசியா?" என்றார். பழைய மெக்கானிக் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது, அதற்குப் பிறகு ஒருவரும் தொடவில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

அதற்கப்புறம் நடந்த பரீட்சையை ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். நல்ல வைத்தியர் நாடி பார்ப்பதைப் பார்த்த திருப்தி எனக்கு அன்றைக்கு உண்டாயிற்று.

"பத்து ரூபா நோட்டு ஒண்ணு குடுங்க சார்" என்றார். கொடுத்தேன். கூலி என்று நினைத்தேன். அவர் அதைப் பின்பக்கம் புகைக்குழாயின் வாயருகே பிடித்தார். நோட்டு வெளியே தள்ளித் தள்ளிப் படபடத்தது. ஆனால் நடுநடுவே உள்ளே இழுபட்டுக் குழாயோடு ஒட்டிக்கொண்டது. "புகை வெளியதான் வரணும். உள்ள இழுக்குதுன்னா, ஒரு எக்ஸாஸ்ட் வால்வு சரியா மூடலே" என்றார். நோட்டைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு ஓடுகிற என்ஜினில் ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றி மாட்டினார். முதலாவதைக் கழற்றினால் என்ஜின் தடுமாறிற்று. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றியபோது ஒரு வித்தியாசமும் இல்லை. அந்த சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்வதை விட்டுவிட்டது என்று அர்த்தம். அடுத்ததாக எல்லாப் பிளக்கையும் எடுத்துவிட்டு, அழுத்தம் காட்டும் கேஜை ஒவ்வொரு துவாரத்திலும் வைத்து, என்னை ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னார். 120, 118, 55, 115 பவுண்டு என்று சுவரில் கரியால் எழுதினார். மூன்றாவது சிலிண்டருக்குள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி சுற்றச் சொன்னார். 58.

"ரிங் தேஞ்சிருந்தா, எண்ணெய் போய் சந்தை அடைச்சு, நம்பர் நல்லா ஏறும். ஏறலை பாருங்க. பக்கத்து சிலிண்டர் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. அதனால கேஸ்கெட்டும் இல்லை."

"அப்படியானால் புகை?"

"மேம்பாலத்துல இறங்கும்போது காலை எடுத்துட்டு, கீழ வந்து மறுபடி மிதிக்கும்போதுதானே நீலமா வருது?"

நான் ஆச்சரியத்தோடு தலையாட்டினேன். "அது கைடு தேய்மானம் சார். வால்வுத் தண்டு ஓடற குழல். அது வழியா எண்ணெய் இறங்குது. ரிங்கா இருந்தா ஏறும்போதும் புகையும்" என்றார்.

கடைசியாக, பக்கத்துப் பஞ்சர் கடையிலிருந்து காற்றுக் குழாயை இழுத்துவந்தார். மூன்றாவது சிலிண்டரின் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, இரண்டு வால்வும் மூடியிருக்கிற நிலையில், கியரைப் போட்டு ஹாண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, பிளக் துவாரத்தின் வழியாகக் காற்றை ஏற்றினார். "எங்க சீறுதுன்னு நீங்களே கேளுங்க" என்றார். கார்ப்பரேட்டரில் காதை வைத்தேன், அமைதி. எண்ணெய் ஊற்றுகிற வாயில் லேசாக ஏதோ கேட்டது. ரேடியேட்டர் தண்ணீரில் குமிழி வரவில்லை. பின்னால் போய்ப் புகைக்குழாயில் காதை வைத்தேன். நல்ல பாம்பு சீறுகிற மாதிரி சீறியது. எக்ஸாஸ்ட் வால்வுதான். ஒரு கரண்டி எண்ணெயும் பஞ்சர் கடைக் காற்றும் சேர்ந்து, பெரிய பட்டறைக்காரர் சொன்ன தீர்ப்பைத் தள்ளுபடி செய்துவிட்டன.

"அது சரி, சத்தம் ஏன் நின்றது?" என்று கேட்டேன். இந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதிலுக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன்.

வால்வைத் தட்டித் திறக்கிற இரும்புக் கைக்கு ராக்கர் என்று பெயர். ராக்கருக்கும் வால்வின் தலைக்கும் நடுவில், வால்வு மூடியிருக்கும்போது, ஓர் இடைவெளி இருக்க வேண்டும். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி, அதில் பத்துப் பங்கு. அந்த இடைவெளியைக் கடந்து ராக்கர் வால்வைத் தொடுகிறபோது எழுகிற 'டிக்'தான் டேப்பெட் சத்தம். என்ஜின் நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றுச் சுற்றினால், ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு இருபத்தைந்து தடவை திறந்து மூடுகிறது. எக்ஸாஸ்ட் வால்வு நெருப்பிலேயே நிற்கிறது, சிவக்கக் காய்கிறது. அதன் சூடு பெரும்பாலும் எப்போது இறங்குகிறது தெரியுமா? மூடிக்கொண்டு தன் இருக்கையில் உட்காருகிற அந்தச் சிறிது நேரத்தில்தான். உட்காரும்போது தன் சூட்டை இருக்கைக்குக் கொடுத்து, இருக்கை அதைத் தண்ணீருக்குக் கொடுத்து, இப்படித்தான் அது பிழைக்கிறது.

எங்கள் காரில் என்ன நடந்ததென்றால், இருக்கை தேய்ந்து வால்வு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியிருக்கிறது. அது இறங்க இறங்கத் தண்டின் தலை மேலே ஏறி, ராக்கரோடு இடைவெளி குறைந்துகொண்டே வந்திருக்கிறது. இடைவெளி குறையக் குறையச் சத்தமும் குறைந்தது. ஒரு நாள் இடைவெளியே இல்லை, சத்தமும் இல்லை. நான் சந்தோஷப்பட்டேன். அன்றிலிருந்து அந்த வால்வால் முழுவதும் உட்கார முடியவில்லை. சூடு இறங்க வழியில்லாமல் ஓரம் கருகத் தொடங்கியது.

"சத்தம் போடற வால்வைப் பத்திக் கவலைப்படாதீங்க சார். சத்தம் போடாததுதான் உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டிருக்கும்" என்றார் மேஸ்திரி.

மறுநாள் தலையைக் கழற்றினார். என்ஜினின் தலையைத்தான் சொல்கிறேன். மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு, வரிசையில் ஐந்தாவது, எலி கடித்த அப்பளம்போல ஓரத்தில் பொரிந்திருந்தது. "ஜி.எஸ்.டி. ரோட்டுல வேகமா ஓட்டுறீங்களா?" என்று கேட்டார். ஒரு வருஷமாக வாரந்தோறும் செங்கற்பட்டுக்குப் போய்வருவதையும், சத்தமில்லாமல் ஓடுகிற கர்வத்தில் காலைக் கொஞ்சம் அழுத்தமாகவே மிதித்ததையும் சொன்னேன்.

இந்தத் தேய்மானத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், பெட்ரோலில் ஈயக் கலவை ஒன்றைச் சேர்த்தால் என்ஜின் தட்டாமல் ஓடும் என்று கண்டுபிடித்தார். அந்த ஈயம் எரிந்து படிந்த மெல்லிய பூச்சு, வால்வுக்கும் இருக்கைக்கும் நடுவே மெத்தை மாதிரி இருந்து இரண்டையும் காப்பாற்றிற்று. ஆகையால் அந்தக் காலத்து என்ஜின்களில் இருக்கைக்கென்று கடினமான இரும்பு வைக்காமல், வார்ப்பிரும்புத் தலையிலேயே கடைந்துவிட்டார்கள். ஆனால் வால்வுக்கு மருந்தாக இருந்த ஈயம், புகையோடு வெளியே வந்து குழந்தைகளின் மூளைக்கு விஷமாயிற்று. 1995-இல் சென்னை முதலிய பெருநகரங்களுக்கு ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. 2000-இல் ஈயப் பெட்ரோல் நாடு முழுவதும் நின்றது. 2021-இல் உலகத்திலேயே மோட்டார் வண்டிகளுக்கு நின்றுபோயிற்று. நல்ல காரியம்தான், என் காரின் வால்வைவிட ஊர்க் குழந்தைகளின் மூளை பெரிது. பழைய கார் வைத்திருப்பவன் டேப்பெட்டைக் கவனித்துக்கொண்டால் போதும். நான் கவனிக்கவில்லை.

எக்ஸாஸ்ட் பக்கத்து நான்கு இருக்கைகளையும் கடைந்தெடுத்துக் கடினமான வளையங்கள் பொருத்துவதற்கு, தலை லேத் பட்டறைக்குப் போய்வந்தது. புது வால்வும் கைடும் புதுப்பேட்டையில் அலைந்து வாங்கினோம். மேஸ்திரி வால்வில் அரைக்கும் பசையைத் தடவி, நுனியில் ரப்பர் வைத்த குச்சியை ஒட்டி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் மத்துக் கடைவது போலக் கடைந்தார். முதலில் கொரகொரப்பான பசை, பிறகு நைசான பசை. சாம்பல் நிறத்தில் ஒரே அகலமாக ஒரு வளையம் விழுந்ததும் துடைத்துவிட்டு, துவாரங்களில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தார். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தோம். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

இடைவெளி வைக்கிற கணக்கையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். எட்டு வால்வு, கூட்டினால் ஒன்பது வர வேண்டும். எட்டாவது முழுவதும் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்ய வேண்டும். நாலாவது திறந்திருக்கும்போது ஐந்தாவதை. பில்லர் கேஜ் என்கிற மெல்லிய தகட்டை நுழைத்து, லேசாகப் பிடித்து இழுக்கிற மாதிரி திருக வேண்டும். "பிடிக்கணும், ஆனா விடணும்" என்றார். என்ஜினைக் கிளப்பினார். டிக், டிக், டிக் என்று தையல் மெஷின் திரும்பி வந்தது.

வீடு வந்து சேரும்போது சாயங்காலம். அக்கா திண்ணையில் வாரப் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படிக்கவில்லை. கார் சத்தத்துக்குத் தலையைத் திருப்பினாள். முகத்தை நேராக வைக்காமல், ஒரு கோழி பார்க்கிற மாதிரி, ஒரு பக்கமாகச் சாய்த்துத் திருப்பினாள். எத்தனை நாளாக அவள் அப்படிப் பார்க்கிறாள் என்று யோசித்தேன். தெரியவில்லை. மேஸ்திரி சொன்னது காதில் கேட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, என் கதையைப் படித்தாயா இந்த வாரம்?"

"இல்லடா."

"போன வாரம்?"

அவள் பேசவில்லை. நான் விடாமல் கேட்டேன். பிறகு, "இடது கண்ணுல ஓரமெல்லாம் மங்கிப் போச்சுடா. வலி ஒண்ணும் இல்லை. ஒரு வருஷமா இப்படித்தான் இருக்கு" என்றாள்.

"ஏன் சொல்லவில்லை?"

"நீ எழுதிண்டிருப்பே. எதுக்குத் தொந்தரவுன்னு..." என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாளே கண் டாக்டரிடம் போனோம். கண் நீர் அழுத்த நோய் என்றார். வலிக்காது, சத்தம் போடாது, ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வரும். "போன பார்வையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இருக்கிறதைக் காப்பாற்றலாம். தினமும் தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டும்" என்றார். காரின் வால்வுக்குப் புதுப்பேட்டையில் மாற்று கிடைத்தது. இதற்கு மாற்று எந்தப் பேட்டையிலும் கிடையாது. அந்த ஒரு வருஷத்துக்கு நான் யாரிடம் போய்ப் பதில் சொல்வேன்?

இரவுதோறும் படுக்கப்போகும் முன் அக்காவுக்குக் கண்ணில் மருந்து விடுவது இப்போது என் வேலை. விட்டுவிட்டு ஐந்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்புறம்? என்ன விசேஷம்?" என்று கேட்கிறேன். முதல் இரண்டு மாதம் "ஒண்ணுமில்லடா" என்றுதான் பதில் வந்தது. ஒரு வருஷமாக மூடிக்கொண்டதை இரண்டு நாளில் திருகிச் சரிசெய்ய, மனுஷர்களுக்குப் பில்லர் கேஜ் இல்லை.

சென்ற பிரதோஷத்தன்று, வெகுநாளைக்குப் பிறகு, அக்காவைக் காரில் கோயிலுக்கு அழைத்துப் போனேன். தெருமுனை திரும்பியதும் அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

"என்னடா இது, பழையபடி சத்தம் போடறது? ரிப்பேர் பண்ணினேன்னு சொன்னியே, எவ்வளவு குடுத்தே?"

சொன்னேன்.

"அவ்வளவா! உன்னை நன்னா ஏமாத்திட்டான். நீ எப்பவும் இப்படித்தான். அப்பா இருந்தா விடுவாரா? காலம்பற பால்கூட அப்படித்தான், ஒரே தண்ணி. இதையெல்லாம் கேட்க இந்த வீட்டில் ஓர் ஆள் கிடையாது..."

கோயில் கோபுரம் தெரிகிறவரையில் அவள் நிறுத்தவில்லை. நான் வண்டியைக் கொஞ்சம் மெதுவாகவே ஓட்டினேன்.